சிவந்த ரத்தம் பார்த்து நான் ஏமாந்த நாள்

1. என் வைத்தியக் கணக்கு

திருவண்ணாமலையில் மாட்டாஸ்பத்திரி உதவியாளராக இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். படிப்பு அஞ்சாம் வகுப்பு. ஆனால் மாட்டின் கழுத்து நரம்பில் ஊசி ஏற்றுவதில் என்னை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. வந்துபோன டாக்டர்கள் பலர், "கோவிந்தண்ணே, நீங்களே போட்டுடுங்க" என்று விலகி நின்றிருக்கிறார்கள்.

நோய் பார்ப்பதற்கும் சொந்தமாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். மாட்டின் கண் இமையைப் புரட்டுவேன். வெளுத்திருந்தால் புழு, சோகை. சிவந்திருந்தால் பயமில்லை. ஊர் ஊராக அதையே சொல்லியும் கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் டாக்டர் மாலதி மாற்றலாகி வந்தார். அவர் சேர்ந்த முதல் நாளே, செங்கம் ரோட்டு விடுதிகளுக்குப் பால் ஊற்றும் ஏழுமலை சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அண்ணே, செவலை வுழுந்துட்டா. மூச்சு வாங்குது. சீக்கிரம் வாங்கண்ணே."

அவன் வீட்டில் கறக்கிற மாடு அது ஒன்றுதான். பெற்ற பெண்ணைப் போல வளர்த்தான்.

2. பூட்டின கதவு

டாக்டரம்மாவும் நானும் போனபோது செவலை கொல்லையில் கால் நீட்டிக் கிடந்தாள். வாயில் நுரை. நான் இமையைப் புரட்டினேன், நல்ல சிவப்பு. கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்தேன். செம்பருத்திப் பூ போல இருந்தது.

"இம்மாம் நல்ல ரத்தம் நான் பாத்ததே இல்லடா. வயிறு உப்பியிருக்கும், அவ்ளோதான். பயப்படாத" என்றேன்.

டாக்டரம்மா சிரிஞ்சை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஏழுமலை, மாடு என்ன மேஞ்சுது?"

"அறுத்த சோளக்கட்டை துளுத்திருந்துதும்மா. மழ இல்லாம வாடிக் கெடந்துது. அதுல பூந்துட்டா."

"கோவிந்தண்ணே, இந்த நரம்புல எப்பவும் ரத்தம் என்ன கலர்ல வரும்?"

"கொஞ்சம் கறுப்பாத்தான் வரும்."

"இன்னைக்கு ஏன் இவ்ளோ செவப்பு?"

டாக்டரம்மா தன் பையில் இருந்த ஒரே ஒரு பாட்டில் மருந்தை எடுத்துக் கொடுத்தார். நான் மெதுவாக ஏற்ற, அவர் மாட்டின் மேல் கை வைத்தபடியே பேசினார்.

"ஏழுமலை, கேன் நெறைய பால் எடுத்துட்டுப் போற. எல்லா வீட்டுலயும் கதவு பூட்டிக் கெடக்குது. என்ன பண்ணுவ?"

"அப்படியே திருப்பி எடுத்தாந்துடுவேம்மா" என்றான் அழுதுகொண்டே.

"ரத்தத்துல ஹீமோகுளோபின்னு ஒண்ணு இருக்கு. அது பால்காரன் மாதிரி. நுரையீரல்ல ஆக்ஸிஜனை ஏத்திக்கிட்டு, உடம்பு முழுக்க எறக்கிட்டு வரும். ஏத்தின ரத்தம் பளிச்னு செவப்பு. எறக்கிட்டுத் திரும்புற ரத்தம் கறுப்பு. வாடின சோளத் துளிர்ல சயனைடு விஷம். அது எல்லாக் கதவையும் பூட்டிடுச்சு. சரக்கு எறங்காம முழுசாத் திரும்பி வருது. அதான் இந்தச் செவப்பு."

ரத்தம் நிறைய ஆக்ஸிஜன் இருந்தும் மாடு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் நல்ல ரத்தம் என்றிருந்தேன்.

3. போட்டோ ஸ்டுடியோ மருந்து

"வயித்துல இன்னும் விஷம் ஊறும். வாய் வழியாவும் மருந்து குடுக்கணும். போட்டோ கழுவுற ஹைப்போ உப்பும் இதே மருந்துதான். ஸ்டுடியோல கேளுங்கண்ணே" என்றார் டாக்டரம்மா.

மொபெட்டை முறுக்கினேன். தேரடித் தெரு ஸ்டுடியோக்காரர் டப்பாவைக் கொடுக்க மனசில்லாமல் நின்றார்.

"கல்யாண போட்டோ கழுவணும்ண்ணே. மாடு எதுக்கு போட்டோ மருந்து குடிக்குது?"

"அது குடிச்சாத்தான் நாளைக்கு நீ டீ குடிப்ப" என்று பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

உப்பைக் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினோம். மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது. டாக்டரம்மா மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். சிரிஞ்சில் கருஞ்சிவப்பாக ஏறியது.

ஏழுமலை வாயில் அடித்துக்கொண்டான். "கறுத்துப் போச்சே! செவப்பா இருந்தாத்தான் நல்லதுன்னு நீதானண்ணே சொன்ன!"

சுற்றிலும் தெருவே நின்றது. எல்லாரும் என் பேச்சை வேதமாக எடுத்துக்கொண்டவர்கள்.

"நான் சொன்னது தப்புடா. கதவு தொறந்துக்கிச்சு. சரக்கு எறங்குது. உன் செவலை பொழச்சுட்டா" என்றேன். டாக்டரம்மா எதுவும் காதில் விழாதவர் போல மாட்டின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் பெருந்தன்மைக்காகவே அவர் இருந்த வரை அவர் பையை வேறு யாரும் தூக்க விடவில்லை.

சாயங்காலம் செவலை பின்னங்காலை ஊன்றி எழுந்தாள். ஏழுமலை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ரத்தம் சிவப்பா என்று மட்டும் பார்க்காதீர்கள். போகிற ரத்தமா, திரும்புகிற ரத்தமா என்று கேளுங்கள். மாடு என்ன தின்றது என்று அதற்கும் முன்னால் கேளுங்கள்.

அந்த வாரமே நான் பாடம் நடத்திய ஊர்களுக்கெல்லாம் மறுபடி போனேன். "போன தடவை தப்பாச் சொல்லிட்டேன்" என்றுதான் ஒவ்வொரு ஊரிலும் பேச்சை ஆரம்பித்தேன். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் சோளக் கொல்லைக்கு வேலி போட்டார்கள்.