கணவர் பெயர் என்ற இடத்தில்

செக்கிங் அக்காவின் ஆஸ்பத்திரி அட்டை நீல நிறம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை வழியனுப்பிவிட்டதால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கணவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். என் சொந்த அத்தை மகளே என்னைக் கட்டமாட்டேன் என்று ஓடிப்போனாள். எனக்குப் பெண்டாட்டி கிடைத்தது அந்த அட்டையில் மட்டும்தான்.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் நான் அயர்ன் மாஸ்டர். ஊருக்கே சுருக்கம் எடுப்பவன், என் சட்டையைத் தேய்ப்பதில்லை. அக்கா செக்கிங் டேபிளில் ஓட்டையும் கறையும் பார்ப்பவர், தெற்குச் சீமைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊத்துக்குளியிலிருந்து வந்த டெய்லர் அக்காவோடு ஒரே அறையில் குடியிருந்தார். வீட்டுக்காரம்மாவிடம் அக்கா தங்கை என்று சொல்லியிருந்தார்கள். ஒருத்தி "ஏட்டி" என்றும் இன்னொருத்தி "ஏனுங்க" என்றும் பேசும் உடன்பிறப்புகளை அந்தம்மா எப்படி நம்பினாரோ. அவர்கள் குடும்பம் நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் வாயில் தங்கிய ஒரே சேதி அது.

கம்பெனிக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் போட்டார்கள். அக்காவுக்குச் சில மாதங்களாகக் கணக்கில்லாமல் ரத்தப்போக்கு. வரிசையில் நின்றார். நர்ஸ் பேனாவை நிறுத்தி, "கல்யாணம் ஆகலையா? அப்ப உங்களுக்கு இந்த டெஸ்ட் தேவையில்லம்மா" என்றார். பின்னால் நின்ற பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே ரத்தத்தைப் பற்றி அக்காவால் வாய் திறக்க முடியவில்லை. டேபிளுக்குத் திரும்பி, அன்று முழுக்க ஓட்டை இல்லாத பனியன்களையெல்லாம் கழித்து வைத்தார்.

சாயங்காலம் டெய்லர் அக்கா என்னிடம் வந்தார். "டவுன் ஆஸ்பத்திரில கல்யாணம் ஆயிருச்சுன்னு சொல்லிப் பாக்கலாம்னு இருக்கறோம். உன்ற பேரக் குடு கண்ணு."

"பேருதானுங்க்கா, வாடகை இல்லாம எடுத்துக்கங்க" என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டேன்.

பேருக்குப் பின்னால் ஆளும் போகவேண்டி வந்தது. ரிசல்ட் அன்று, "வீட்டுக்காரர் மட்டும் உள்ள வாங்க" என்றார்கள். அங்கேயும் தங்கை என்றே சொல்லியிருந்த டெய்லர் அக்கா வெளியே நின்றார். டாக்டர் அக்காவைப் பார்க்காமல் என்னிடமே பேசினார். புற்றுதான், ஆரம்பநிலைதான், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

அக்கா, "நான் போடுதேன் சார்" என்றார்.

"ஹஸ்பெண்ட் போடணும்மா."

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. கதவின் அடி இடுக்கில் டெய்லர் அக்காவின் செருப்பு தெரிந்தது. "ஒரு நிமிசமுங்க" என்று வெளியே ஓடி அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "போடு கண்ணு. எனக்கு அவ வேணும்."

திரும்பி வந்ததும் டாக்டர் கேட்டார்: "எல்லாத்தையும் மச்சினியக் கேட்டுத்தான் செய்வீங்களா?"

"ஆமாங்க" என்று கையெழுத்துப் போட்டேன். எனக்கு எழுத வரும் ஒரே வார்த்தை என் பெயர். அது இப்படி உதவும் என்று வாத்தியார் நினைத்திருக்கமாட்டார்.

அக்கா பிழைத்தார். நாங்கள் மூவரும் அந்த அட்டைக்குள் மாட்டிக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் ஆபரேஷனுக்குப் பொய்க் கையெழுத்து என்பார்கள். கம்பெனிக்குத் தெரிந்துவிடும், வீட்டுக்காரம்மா அறையைக் காலி செய்யச் சொல்வார். அதனால் ஒவ்வொரு செக்கப்புக்கும் அரைநாள் லீவு போட்டுப் புருசனாகப் போகிறேன். நடுவில் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பெண்ணின் சித்தி அதே ஆஸ்பத்திரியில் வேலை. "இவருக்குத்தான் சம்சாரம் இருக்குதே" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். தலையாட்டிவிட்டு பஜ்ஜியைத் தின்று முடித்தேன்.

போன வாரமும் போனோம். அட்டை என் கையில் இருந்தது. பெடல் மிதித்து மிதித்து டெய்லர் அக்காவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. "பேஷண்ட் வீட்டுக்காரர் வாங்க!" என்று கூப்பிட்டதும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முதலில் எழுந்தது அவர்தான். ஒவ்வொரு முறையும் அவர்தான் எழுகிறார். பிறகு என்னைப் பார்த்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

நான் எழுந்து போனேன்.