பெயர் சொல்லி அழைத்த நாள்

என் வேலை மனிதர்களைத் தூங்க வைப்பது, பிறகு அவர்களைத் திரும்ப எழுப்புவது. பாளையங்கோட்டையில் மயக்க மருந்து டாக்டராக இருந்தேன். மேஜையில் கிடப்பவரின் உதடும் நகமும் நீலம் பாரிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரின் நகத்தைக்கூட என்னையறியாமல் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டிருந்தது. அப்படிப்பட்டவளிடம்தான் என் கணவர், இஞ்சின் இல்லாத விமானத்தில் இருபதாயிரம் அடி உயரம் ஏறிப் பார்க்க வேண்டும் என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம் அது. அவர் காற்றாலை நிறுவுகிற கம்பெனி ஒன்றில் காற்றை அளக்கும் என்ஜினியர். வடக்கே படித்த காலத்தில் கிளைடர் என்கிற அந்த இஞ்சின் இல்லாத விமானத்தை ஓட்டக் கற்றிருந்தார். அங்கே ஒரு சங்கத்தில் ஓரங்கட்டிப் போட்டிருந்த ஒற்றை இருக்கைக் கிளைடரை வாங்கி, லாரியில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தார். இறக்கைகள் தனி, உடல் தனி. பேட்டையில் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன வே, இது பாடை மாதிரில்லா இருக்கு" என்றார். சொன்னவர்தான் பழைய லாரி இஞ்சினை வைத்து, கம்பி வடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச் ஒன்றைச் செய்துகொடுத்தார். ஊருக்கு வடக்கே யுத்த காலத்தில் போட்டு, அப்புறம் கைவிடப்பட்ட ஓடுபாதை ஒன்று கருவேலம் புதருக்குள் கிடந்தது. அதில் பறக்க அனுமதி வாங்குவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது.

பட்டம் ஏற்றுகிற மாதிரிதான். வின்ச் கம்பியை இழுக்க இழுக்கக் கிளைடர் மேலேறும். உச்சியில் கம்பியைக் கழற்றிவிட்டால் அதற்குப் பிறகு காற்றுதான் கதி. பொதிகை மலைக்குக் கிழக்கே, சேரன்மகாதேவிக்கு மேலே, ஆனி ஆடியில் ஒரு மேகம் நிற்கும். மற்ற மேகமெல்லாம் ஓடும், அது மட்டும் நகராது. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்த மாதிரி இருக்கும்.

"ஆத்துல பாறையைத் தாண்டுத தண்ணி பள்ளத்துல விழுந்து, அடுத்தாப்ல எழும்பும் பாத்திருக்கியா?" என்று கேட்டார். "மலையைத் தாண்டுத காத்தும் அப்படித்தான். அந்த மேகம் நிக்குத இடத்துலதான் அலை எழும்புது. அதுல போய் நின்னுட்டா லிப்ட் மாதிரி தூக்கிட்டே போகும்."

"எங்க வரைக்கும்?"

"அதான் யாருக்கும் தெரியல."

அந்தப் பதில்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்து மூளைக்குப் பிராணவாயு குறையும்போது வலிக்காது, மூச்சு முட்டாது. அதுதான் அதன் கொடுமை. நன்றாக இருப்பதாகத் தோன்றும், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கும். தனக்கு ஏதோ ஆகிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய மூளைதான் முதலில் மழுங்கும். இதை அவரிடம் எத்தனையோ தரம் சொன்னேன். "அதுக்குத்தான் சிலிண்டர் கொண்டு போறேன்லா" என்பார். சிலிண்டரை நானே சோதித்தேன். முகமூடியை நானே அவர் மூக்குக்கும் தாடைக்கும் பொருத்திப் பார்த்தேன். எத்தனை நோயாளிகளுக்கு வைத்த கை அது! அன்றைக்கு ஓரத்தில் காற்று கசிகிறதா என்று திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தது.

ஒரு நிபந்தனை போட்டேன். கீழே வயர்லெஸ் என் கையில்தான் இருக்கும். பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் போனால், நான் கேட்கிறபோதெல்லாம் அவர் பேச வேண்டும். பாபநாசம் பஸ்ஸில் வருகிற ஊர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். வீரவநல்லூர்க்காரர் அவர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து போய்வந்த பாதை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அதைச் சொல்லத் தடுமாறினால் கீழே இறங்கிவிட வேண்டும். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அடுத்த வருட ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே காற்று பிய்த்துக்கொண்டு போனது. ஓடுபாதையின் புழுதி கண்ணில் அப்பியது. மேற்கே தட்டு மேகம் கூரிய விளிம்போடு நின்றது. வேகிற வெயிலில் அவர் கம்பளிச் சட்டை மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இருக்கையில் குறுகி உட்கார்ந்தார். கண்ணாடி மூடியை இறக்கினார்கள். அண்ணாச்சி வின்ச்சை முடுக்க, கம்பி விறைத்தது. கிளைடர் எங்கள் தலைக்கு மேலே போய், சின்னதாகி, மேற்கே திரும்பியது. பட்டறையிலிருந்து துணைக்கு வந்தவர்கள் நிழல் பார்த்து ஒதுங்கினார்கள். நானும் அண்ணாச்சியும் வேனின் திறந்த கதவோரம் வயர்லெஸ்ஸோடு உட்கார்ந்தோம்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மேகத்துக்குக் கீழே குலுக்கி எடுத்ததாம். தலை மூடியில் இடித்ததாம். திடீரென்று குலுக்கல் நின்று, பட்டு மாதிரி ஆகிவிட்டதாம்.

"அலைக்குள்ள வந்துட்டேன். ஏறுதேன். கிழக்க கடல் தெரியுது. மேற்க முழுக்க மேகம், மலையாளப் பக்கமே தெரியல."

ஊர்களைக் கேட்டேன். பாபநாசத்திலிருந்து பத்தமடை வரை கடகடவென்று சொன்னார். அண்ணாச்சி, "கண்டக்டர் தோத்தாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளங்கை வேர்த்து வயர்லெஸ் வழுக்கியது.

பதினைந்தாயிரம் என்றார். பதினேழு என்றார். குளிருகிறது, கால்விரல் இருப்பதே தெரியவில்லை என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நான் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன்.

"இங்கனதான் இருக்கேன்," என்றார். குரலில் ஒரு குழைவு. "எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா? ரெண்டு பக்கமும் கடல் தெரியுது. திருவனந்தபுரத்துக் கடல்ல கப்பல்கூட போகுது."

மேற்கே முழுக்க மேகம் என்று சற்று முன்னால் அவரேதான் சொன்னார்.

"ஏங்க, ஊரெல்லாம் சொல்லுங்க."

"பாபநாசம்... விக்கிரமசிங்கபுரம்... வீரவநல்லூர்... அப்புறம்... வீரவநல்லூர்." சிரித்தார். "அடுத்தும் வீரவநல்லூர்தான்."

"முகமூடி போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன். நல்லாத்தான் இருக்கேன்."

"இறங்குங்க. உடனே இறங்குங்க."

"எதுக்கு? இன்னும் தூக்குது."

கெஞ்சினேன். ஏங்க, ஏங்க என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் ஏதோ முனகினார், வார்த்தை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி எழுந்து நின்று மேற்கே பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, மேகம்தான். "அல்லாவே" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றியது என் தொழில்தான். மயக்கத்திலிருந்து எழுப்பும்போது நாங்கள் நோயாளியிடம் விளக்கம் சொல்லுவதில்லை. பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுவோம். கண்ணைத் திற. நாக்கை நீட்டு. ஒரு தரத்துக்கு ஒரே வேலை. எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் மனிதன் தன் பெயருக்குத் திரும்புவான்.

கல்யாணமாகி அதுவரை நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் அது வழக்கமில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவேன். வயர்லெஸ்ஸை வாய்க்கு ஒட்டிப் பிடித்து அந்தப் பெயரைக் கத்தினேன். அவர் அம்மா கூப்பிடுகிற மாதிரியே, பின்னால் ஒரு 'லே' போட்டு.

"ஏலே! நீல லீவரைப் பிடிலே!"

பதில் இல்லை.

"இடது கை. நீல லீவர். பிடிச்சியா?"

"...ம்."

"இழு. முழுசா இழுலே! விடாத!"

அந்த லீவரை இழுத்தால் இறக்கைகளின் மேல் தடுப்புப் பலகைகள் எழும்பும். கிளைடர் ஏற முடியாமல் இறங்கும். எனக்குத் தெரிந்த ஒரே விமான சாஸ்திரம் அதுதான். விடாதே, விடாதே என்று பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. ஒருவேளை லீவரை விட்டிருப்பார். ஒருவேளை தலைகுப்புற நேரே கீழே வந்துகொண்டிருப்பார். என் சத்தத்தைக் கேட்டு நிழலில் இருந்தவர்களெல்லாம் வேனைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

அப்புறம் தெளிவாக, எரிச்சலோடு ஒரு குரல் வந்தது.

"எதுக்கு இப்படிக் கத்துத? காது போயிரும் போலிருக்கு."

"எத்தனை அடியில இருக்கீங்க?"

"பதினொண்ணு. ஏன் இவ்வளவு கீழ வந்தேன்? இன்னும் ஏறியிருக்கலாம்லா..."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். வயர்லெஸ்ஸை அண்ணாச்சி வாங்கிக்கொண்டார்.

அலையை விட்டு விலகியவரை இறங்குகாற்று பிடித்துக்கொண்டது. ஓடுபாதை வரைக்கும் வந்துசேர உயரம் போதவில்லை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இறங்குவதாகச் சொன்னார். அதோடு சத்தம் நின்றது. வேனில் போகும்போது அண்ணாச்சி என்னைப் பார்க்காமல், "பைய மூச்சு விடுங்கம்மா. வந்துட்டாரு, வந்துட்டாருன்னு நினைச்சுக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இருபுறமும் கார் பருவ நெல் நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல்கள். ஒவ்வொரு வயலிலும் ஒரு வானம் கிடந்தது. எதைப் பார்த்தாலும் எனக்கு உடைந்த இறக்கையாகத்தான் தெரிந்தது.

கால்வாய்க் கரையோரம் கூட்டம் நின்ற இடத்தில் வேனை நிறுத்தினோம். தொழி அடித்துச் சேறாக்கிய வயலில் கிளைடர் வயிற்றுவரை சேற்றில் புதைந்து கிடந்தது. இறக்கை ஒன்று வரப்பின் மேல் சாய்ந்திருந்தது. அவர் முழங்கால் சேற்றோடு நின்று, நடவுக்கு வந்த பெண்ணிடம் வசவு வாங்கிக்கொண்டிருந்தார்.

"பரம்படிச்சுப் போட்ட வயலை இப்படி உழப்பிட்டீரே! இறங்குததுக்கு வேற எடமே கிடைக்கலியா உமக்கு?"

நான் வரப்பிலிருந்து இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தேன். சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நகங்கள் சிவப்பாக இருந்தன. அத்தனை பேருக்கு முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கிளைடருக்குள் தலையை நீட்டினேன். சிலிண்டரிலிருந்து முகமூடிக்குப் போகும் குழாய் இடுப்புப் பட்டைக்கு அடியில் மடங்கி, நசுங்கிக் கிடந்தது. கடலைப் பார்க்கத் திரும்பியபோது சிக்கியிருக்க வேண்டும்.

காட்டினேன். மடிப்பை விரலால் நீவிப் பார்த்தார். ஆனால் நம்பவில்லை. தான் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை என்றார். ஊர்களை எல்லாம் சரியாகத்தான் சொன்னாராம். லீவரைத் தானாகத்தான் இழுத்தாராம்.

"உம்ம சம்சாரம் பேரைச் சொல்லி 'ஏலே'ன்னு கூப்பிட்ட பொறவுதான் வே இழுத்தீரு," என்றார் அண்ணாச்சி. "நானும் கேட்டேன், எங்க பயலுவளும் கேட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். "நீயா? பேரைச் சொல்லியா?" என்றார். அதுதான் அவருக்கு நம்பவே முடியாததாக இருந்தது.

இன்றைக்கும் அவர் கணக்கில் அது வாழ்க்கையிலேயே மனம் மிகத் தெளிவாக இருந்த நேரம். திருவனந்தபுரத்துக் கடலில் கப்பல் போனதைச் சத்தியம் செய்து சொல்லுவார். முதலில் சண்டை போட்டேன், பிறகு விட்டுவிட்டேன். அந்த அழகை அவரிடமிருந்து பிடுங்கி எனக்கு என்ன ஆகப்போகிறது?

அடுத்த வருடம் மறுபடியும் போனார். நான் தடுத்திருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். குழாயை மாற்றி, எளிதில் மடங்காத தடித்த குழாயாகப் போட்டார். பதினைந்தாயிரத்துக்கு மேல் போவதில்லை என்று அவராகவே சொன்னார். அன்று நான் ஓடுபாதைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு குடல் அறுவை. நடுவில் நர்ஸ் வந்து, உங்களுக்குப் போன் என்றாள். என்னால் மேஜையை விட்டு நகர முடியாது. என்னவென்று கேட்டு வரச் சொன்னேன். போனவள் வருகிற வரைக்கும் நோயாளியின் நகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"சார் பூத்துல இருந்து பேசுதாங்க," என்றாள் திரும்பி வந்து. "இறங்கியாச்சாம். பசிக்குதாம்."