சாரல் பார்க்க வந்தவர்கள்

புருஷனிடம் அடிபட்டு வரும் பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கும் இல்லத்தில் எழுத்தர் வேலை என்றால், எழுதுவது கால்வாசி. தேடிவரும் புருஷன்மாருக்கு நாற்காலி போட்டுப் பேச்சுக் கொடுப்பது முக்கால்வாசி. அடுத்தவர் கஷ்டத்தைப் படிவத்தில் நிரப்பிவிட்டு, மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் உத்தியோகம் உங்களுக்கும் வாய்த்திருந்தால் மேற்கொண்டு படியுங்கள். நாம் ஒரே கட்சி.

நான் பம்பாயில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்கு இருபது வருஷம் ஆங்கிலக் கடிதம் எழுதிவிட்டு, நாற்பத்தேழு வயதில் தென்காசிக்குத் திரும்பியவன். எழுபதுகளின் கடைசி அது. இல்லத்தில் ஆண் என்று நான் ஒருவன்தான்.

போர்டு இல்லாத வீடு

இல்லத்துக்குப் போர்டு கிடையாது. வெளியூரிலிருந்து தேடிவரும் புருஷன்மார் கண்ணில் படக்கூடாது என்பது வார்டன் ஞானம்மாள் போட்ட சட்டம். வேலைக்குச் சேர்ந்த அன்று அந்தச் சட்டத்தை மதித்து, பஸ் ஸ்டாண்டில் குதிரைவண்டிக்காரரிடம் நாசூக்காக, “குற்றாலம் ரோட்டில், ரைஸ் மில்லுக்கு அடுத்த வீடு” என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அடிபட்ட பொம்பளைய வீடா? ஏறுங்க. ஆனா ஆம்பளைய உள்ள விடமாட்டாவ, இப்பமே சொல்லிட்டேன்.”

முன் அறை

புருஷன்மார் வந்தால் முன் அறையோடு சரி. உள்ளே போக முடியாத கோபத்தை என்னிடம் இறக்கி வைப்பார்கள். “நீங்களும் ஆம்பளைதான அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியாததா” என்றுதான் அநேகமாக எல்லாரும் ஆரம்பிப்பார்கள். எனக்கு என்ன தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள் என்பதை யோசித்தால் சோறு இறங்காது.

கடையத்துக்காரர் ஒருவர் மல்லிகைப் பூவும் வாழைப்பழமும் கொண்டு வந்து ஒரு மணி நேரம் அழுதார். அவர் மனைவி அதற்கு முன் இரண்டு தடவை வந்து திரும்பிப் போனவள். அன்று மூன்றாம் தடவையாகப் புறப்பட்டாள். “இனி அடிக்கமாட்டீர்களே?” என்று கேட்டு வைத்தேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் அடிச்சது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். நடுவுல நீங்க யாரு அண்ணாச்சி?”

வந்த காரணம்

ஆனிக் கடைசியில் சிவகிரியிலிருந்து பேச்சியம்மாள் வந்தாள், ஒன்பது வயது மகள் பூமாரியைக் கூட்டிக்கொண்டு. இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. பையில் இரண்டு துண்டும் ஓர் எண்ணெய்க் குப்பியும்தான் இருந்தன. மாற்றுச் சேலை எடுத்தால் சந்தேகம் வருமாம்.

படிவத்தில் பெயர், ஊர், வயது எல்லாம் எழுதி, ‘வந்த காரணம்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினேன். பேச்சியம்மாள் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதிக்கொண்டேன்.

“குத்தாலத்துல சாரல் பாக்க வந்தோம்னு எழுதுங்க அண்ணாச்சி. அவுகட்ட அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன்.”

ஒண்ணாங் கிளாஸ்

இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து டி.சி. வாங்குவதே இல்லை. ஞானம்மாளுக்குத் தெரிந்த தலைமையாசிரியை ஒருவர் உண்டு. ‘இதுவரை பள்ளிக்கூடமே போகாத பிள்ளை’ என்று எழுதி ஒண்ணாங் கிளாஸில் சேர்த்துக்கொள்வார். எத்தனாவது படித்த பிள்ளையானாலும் மறுபடியும் முதலிலிருந்துதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனோம். நான் துண்டுகளைக் காவல் காத்தேன். பூமாரி குளித்துவிட்டு, பல் கிட்டிக்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எதிரே இருந்த கடைப் பலகைகளை ஒன்று விடாமல் வாசித்தாள். எல்லாம் முடிந்ததும் சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்கு வகுத்தல் கணக்கே தெரியும் மாமா. டீச்சர் ‘அ’ எழுதச் சொல்லுதாவ.”

ஒரு நல்ல கடிதம்

இது எனக்குப் பொறுக்கவில்லை. ஞானம்மாள் திருநெல்வேலிக்குப் போயிருந்த வாரம், பூமாரியின் பழைய பள்ளிக்கூடத்துக்கு டி.சி. கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். மூன்று பாரா; ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. நன்கொடை கேட்பதற்காக அச்சடித்த லெட்டர்பேடில் டைப் அடித்தேன். இல்லத்தின் முழு விலாசமும் அதில்தான் இருந்தது.

பேச்சியம்மாளிடம் சொல்லவில்லை, டி.சி. வந்ததும் சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்தேன். பூமாரியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன்.

“நாலாங் கிளாஸுக்கு பெஞ்சு உண்டும்லா மாமா? இங்கன தரையிலதான் இருக்கோம்.”

பதில்

பத்து நாளில் டி.சி. வந்தது. தபாலில் இல்லை. வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் முன் அறைக்கு வந்து, கும்பிட்டு, ஒரு கவரை நீட்டினார். உள்ளே டி.சி.யும் தலைமையாசிரியரின் கடிதமும். நல்ல மனிதர் போலிருக்கிறது. பெற்றவர் கையெழுத்து இல்லாமல் டி.சி. கொடுக்க விதியில்லை என்பதால் தகப்பனாரை வரவழைத்து, கையெழுத்து வாங்கி, அவர் கையிலேயே கொடுத்தனுப்பியிருப்பதாக எழுதியிருந்தார்.

வந்தவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை.

“ஒங்க கடுதாசிய எச்.எம். சார் ரொம்பப் புகழ்ந்தாரு அண்ணாச்சி. இப்படி ஒரு இங்கிலீஷு அவுக ஸ்கூலுக்கு வந்ததே இல்லையாம்.”

போன காரணம்

“பொம்பளை இருந்துக்கிடட்டும், பிள்ளைய மட்டும் அனுப்புங்க” என்றார் அவர். ஞானம்மாள் தெரிந்த வக்கீலிடம் ஓடினாள். தகப்பன்தான் கார்டியன், தடுத்து வைத்தால் வழக்கு நம் மேல்தான் வரும் என்று அவர் சொல்லிவிட்டார். திரும்பி வந்த ஞானம்மாள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பேச்சியம்மாள் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அதே இரண்டு துண்டு, அதே குப்பி. மகளைத் தனியாக அனுப்ப அவளால் முடியாது. “கடிதம் நான் எழுதியது” என்று சொன்னேன். “தெரியும்” என்றாள். பூமாரி என்னைப் பார்க்காமல் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய டி.சி.யைத் தகப்பனார் என் மேசையிலேயே விட்டுவிட்டார். பொட்டப்பிள்ளை படித்தது போதுமாம்.

படிவத்தின் கடைசியில் ‘போன காரணம்’ என்று ஓர் இடம் உண்டு. வெளியே சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. என் கையில் பேனாவைப் பார்த்த பேச்சியம்மாள் வாசற்படியில் நின்றாள்.

“சாரல் முடிஞ்சிட்டுன்னு எழுதிக்கிடுங்க அண்ணாச்சி.”

பம்பாயில் இருபது வருஷம் நான் எழுதிய கடிதங்களில் ஒன்றுகூடப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. இங்கே எழுதியதும் அப்படியே போய்ச் சேர்ந்தது.