பாலம் தெளித்த உப்பு

நான் குடியிருக்கும் கனடிய நகரத்தில், குளிர் கூடிய காலைகளில் பாலம் தானாகவே தண்ணீர் தெளிக்கும். முதல் தடவை அதைக் கண்டபோது எனக்குக் கெட்ட கோபம் வந்தது. காரில் பக்கத்தில் என் மனைவி வசந்தி இருந்தாள். முந்தைய பனிக்காலத்தில் இதே பாலத்தில் அவளுடைய கார் சறுக்கிச் சுவரில் மோதியது. காயமில்லை, ஆனால் அதன்பின் அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. முதியோர் இல்லத்து வேலைக்கு நான்தான் ஏற்றி இறக்கினேன். என் வேலைநேரம் மாறப்போகிறது. இனி அவளே ஓட்டவேண்டும், அல்லது ஆசைப்பட்டுப் படித்து எடுத்த வேலையை விடவேண்டும். அப்படியிருக்க, உறைகிற பாலத்தில் எவனோ தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறான்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான சாவகச்சேரிப் பக்கம் தோட்டத்து வாய்க்கால் உடைந்து ஓடினால், யாருடைய தோட்டம் என்று பார்க்கமாட்டோம். சைக்கிளைச் சாய்த்துவிட்டு மண்ணை அணைத்து உடைப்பை அடைத்துவிட்டுத்தான் போவோம். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பாலம் முடிந்ததும் காரை ஓரமாக நிறுத்தி, அங்கிருந்த இரும்புப் பெட்டியில் தண்ணீரைப் பூட்டும் திருகைத் தேடத் தொடங்கினேன்.

“இஞ்சாலை வாங்கோப்பா, பொலிசு பிடிக்கப்போகுது,” என்றாள் வசந்தி.

ஆனால் வந்தவர் பொலிசு அல்ல, வீதிப் பணியாளர். “தண்ணீர், தண்ணீர்,” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதறினேன். எனக்குத் தாகம் என்று நினைத்துத் தன் போத்தலை நீட்டினார். வசந்திதான் விளக்கினாள். அவர் சிரித்துவிட்டு, பாலத்துக்குக் கீழும் குளிர்காற்று ஓடுவதால் வீதிக்கு முன்பே அது உறைந்துவிடும் என்றார். தெளிப்பது உப்புக்கரைசல், வீதியில் புதைத்த கருவிகள் குளிரை அறிந்து, பனிக்கட்டி பிடிக்கமுன் அதைத் திறந்துவிடுகின்றன.

“போன வருடம் பலர் இங்கே சறுக்கினார்கள். அதனால்தான் இந்தக் கருவிகளைப் பொருத்தினோம்.”

“என்னையும் சேர்த்தா?” என்று கேட்டாள் வசந்தி.

“உங்களையும் சேர்த்துத்தான்.”

எங்கிருந்தோ வந்த என் மனைவியின் சறுக்கலையும் இந்த ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கிழமை அவள் தனியாக ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள்.

பங்குனியில் ஒருநாள் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அண்ணை தொலைபேசி எடுத்தார்.

“கிணத்துத் தண்ணி திரும்பவும் உப்பாப் போச்சுதடா. குடிக்கிற தண்ணிக்கு அடுத்த ஒழுங்கையிலை இருக்கிற கிணத்துக்குப் போறம். நீ என்ன செய்யிறாய்?”

“காரிலை ஒட்டின உப்பைக் கழுவிறன் அண்ணை.”

“உங்கையும் உப்போ?”

“ஓம் அண்ணை. ஆனா இது வசந்தியை வீட்டை கொண்டுவந்து சேர்க்கிற உப்பு.”

என் கையிலிருந்த குழாயில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பூட்டிவிட்டு, கார்க் கதவில் இன்னும் கழுவாமல் பாதி வெள்ளையாக இருந்த உப்பைப் பார்த்தபடி நின்றேன்.