தங்கவயலுக்குப் போகாத அப்பா

போன ஆடியில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு கல் நட்டார்கள். கோலார் தங்கவயலுக்குப் போய் உழைத்த ஊர்க்காரர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. நியாயம்தான். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கும் எங்கள் தெருவுக்கு ஓட்டு வீடும் பள்ளிக்கூடமும் வந்ததும், பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் பெண்ணான நான் எழுதப் படிக்கக் கற்றதும் அவர்களால்தான். ஆனாலும் இடுப்பில் குழந்தையோடு அந்தக் கல்லைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. என் அப்பா பெயர் இல்லை. போகாதவர் பெயரை எப்படிப் போடுவார்கள்? தெரியும். இருந்தாலும் இன்னொரு முறை படித்தேன்.

ஈரச் சிமெண்டு வாசனைக்கும் பெரியப்பாவின் காக்கித் துணிக்கும் என்ன உறவோ, அங்கே நிற்கும்போதே அது நினைவுக்கு வந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியப்பா ஆடித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு ரயிலேறி வருவார். தகரப் பெட்டியைத் திறந்தால் பிஸ்கட்டும் பவுடரும் மணக்கும். அவர் மகள் அற்புதத்துக்கு என் வயதுதான்.

"எங்க வூட்ல கரண்டு லைட்டு கீது. உங்க வூட்ல இன்னாடி கீது?" என்பாள்.

நான் நன்றாக யோசித்து, ஆடு இருக்கிறது என்பேன்.

சுரங்கத் துணியில் தங்கப்பொடி ஒட்டியிருக்கும் என்று தெருவே நம்பியது. அதைத் துவைத்துத் தரப் பெண்களுக்குள் போட்டி. தம்பி மனைவி என்ற உரிமையில் அம்மாதான் ஜெயிப்பாள். துவைத்த தண்ணீரை அப்பாவின் வேட்டியில் வடிகட்டி, தங்கியதை வெயிலில் காயவைத்துப் பார்ப்போம். மினுக் மினுக்கென்று ஏதோ தெரியும். கடற்கரை மணலும் அப்படித்தானே மினுக்கும் என்று எங்கள் இருவருக்கும் ஏனோ தோன்றவில்லை. ஒரு வருடம் பெரியப்பா பார்த்துவிட்டார்.

"ஏம்மா, சுரங்கத்து கேட்டுல வாயத் தொறக்க வச்சுப் பாக்குறானுங்க. துணில ஒட்டிகினு வந்தா வுடுவானுங்களா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் நிற்கவில்லை.

அப்பாவுக்கும் அங்கே போக ஒருமுறை வழி வந்ததாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக இருக்க முடியாது என்று அம்மா தடுத்துவிட்டாள். அந்தக் கைக்குழந்தை நான்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டு, மண்ணெண்ணெய் விளக்கைத் துடைக்கும்போதெல்லாம் அம்மாவை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அதனால்தான், தங்கவயலில் ஓர் இடம் இருக்கிறது என்று அற்புதத்தின் கணவர் என் வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பியதும், போய் வாருங்கள் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அது கல் நட்ட நாளின் காலை. சொன்ன பிறகு, சரியாகத்தான் சொன்னேனா என்று அரிசியைத் திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தேன்.

கல் நடுவதற்கு அற்புதமும் வந்திருந்தாள். அவளுடைய நைலான் புடவையைப் பார்க்காததுபோல் பார்த்தேன். அப்போது அப்பா வந்து என் பையனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கடைப்பக்கம் நடந்தார். அவள் அவர்கள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரங்கத் தூசி தந்த நெஞ்சு நோயில் பெரியப்பா போனபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை.

"உங்க நைனா பேரு இல்லன்னுதானே மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீற?" என்றாள். "எங்க நைனாவுக்குப் பேருதான்டி கீது."

சாயங்காலம் வீட்டுக்காரரிடம், போக வேண்டாம் என்றேன்.

"காத்தால ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணா?" என்றார்.

அவர் இன்னமும் நெல் மில்லுக்குத்தான் போகிறார். செய்தது சரிதானா என்று மண்ணெண்ணெய் வாங்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியப்பா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஆடியில் ரயிலடியிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் வண்டி அவரோடு நின்றுபோயிற்று. இந்த வருடம் அற்புதமும் வரவில்லை. பொறாமைப்பட ஆளில்லாமல் திருவிழா சப்பென்று முடிந்தது.