வீரையன் கட்டாத கயிறு

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை சப்பாத்தி தேய்த்தது.

ஆடி மாதத்து முதல் ஞாயிறு. வீரையன் அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து பலகையில் தேய்த்துக் கொடுக்க, எழில்மொழி நின்றபடி கல்லில் போட்டு எடுத்தாள். அரைவேக்காட்டில் எடுத்து, ஆறவைத்து, பொட்டலமாகக் கட்டி ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட வேண்டும். அவள் திருச்சிக்குப் போன பிறகு அவர் தினம் நாலாகச் சுட்டுத் தின்பார். அவள் அம்மா தங்கம்மாள் செத்த இந்த ஆறு வருடத்தில் வீட்டில் வேறு ஆள் இல்லை.

"இது எந்த நாட்டு மேப்புப்பா?"

"பிச்சுத்தானே திங்கப்போறேன். வட்டமா இருந்தா என்ன, வாய்க்காலாட்டம் இருந்தா என்ன?"

அவர் கை நடுங்கியது. கட்டை அவர் நினைத்த பக்கம் போகவில்லை. எழில்மொழி அடுத்த உருண்டையை எடுக்கிற சாக்கில் அவர் முகத்தருகே குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். மாவு வாசனைதான் வந்தது. அவள் எதற்குக் குனிந்தாள் என்பது அவருக்கும் தெரிந்தது. தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அப்பா குடிக்கிறார், குடித்துவிட்டு இல்லை என்று சாதிக்கிறார். ஆறு மாதமாக அவள் நெஞ்சில் கிடந்தது அதுதான்.

வீரையன் குடிக்கமாட்டார் என்பது திருவையாற்றுக்குக் கிழக்கே அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பத்தொன்பது வயதில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களைக் கொடிக்கம்பத்தடியில் நிறுத்தி, இனி கள்ளையும் சாராயத்தையும் தொடமாட்டேன் என்று சொல்ல வைத்தார்கள். அன்று பதினோரு பேர் சொன்னார்கள். அடுத்த அறுவடைக்குள் பத்துப் பேர் மறந்துவிட்டார்கள். வீரையன் மட்டும் மறக்கவில்லை. "ஒரு தடவ சொல்லியாச்சுல்ல" என்பார். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் இருக்காது.

இன்னொரு விஷயத்திலும் அவருக்குப் பெயர் இருந்தது. நடவுக் காலத்தில் நாற்று முடிகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு, ஒரு சாண் அகல வரப்பில், மழை பெய்து வழுக்கும்போதும் ஓட்டமாகப் போவார். ஒரு கட்டுக்கூடக் கீழே விழாது. இருபது வருடம் கூலிக்கு நட்ட வயலில் ஆறு மாவை, அதாவது இரண்டு ஏக்கரை, பின்னால் சொந்தமாகவே வாங்கினார். மகளுக்கு எழில்மொழி என்று பெயர் வைத்து இன்ஜினீயரிங் படிக்க வைத்தார். அவள் திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கிற பிரிவில் இருக்கிறாள். சரியாகக் காட்டுகிற கருவிக்குப் பச்சை ஸ்டிக்கர், தவறாகக் காட்டுவதற்குச் சிவப்பு. கருவியை நம்பு, ஆளை நம்பாதே என்பது அந்தப் பிரிவில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்குச் சர்க்கரை என்று தெரியவந்தது. டாக்டர் கொடுத்த உணவுத் தாளில் அரிசிக்கு மேல் சிவப்பு மையில் கோடு. சர்க்கரை வந்த எல்லார் வீட்டிலும் நடப்பதுதான் இங்கும் நடந்தது. ராத்திரிச் சோறு போய்ச் சப்பாத்தி வந்தது. எழில்மொழி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. காலையிலும் சப்பாத்தி, மத்தியானத்துக்குக் கோதுமை ரவைக் கஞ்சி என்று அரிசியை அடியோடு நிறுத்தினாள். சர்க்கரை இறங்கியது. வாராவாரம் அளவை போனில் குறித்து, கோடு சரிந்து வருவதை அவரிடம் காட்டினாள்.

"ஆறு மாவுல நெல்ல வெளைய வச்சுட்டு வடக்கத்தியான் மாவத் திங்கிறேன்" என்று துரைராசுவிடம் சொல்லிச் சிரிப்பார் வீரையன். துரைராசு பக்கத்து வயல்காரர், சங்கத்துக் காலத்துக் கூட்டாளி.

கொஞ்ச நாளில் ஒவ்வொன்றாக வந்தது. வாயில் புண் ஆறவில்லை. முழங்கையிலும் முட்டியிலும் கொப்புளம் கிளம்பி அரித்தது, சேற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று களிம்பு தடவினார். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதினார்கள். எட்டு மாதம் தின்றும் ரத்தம் ஏறவில்லை. மாத்திரையைத் தூக்கிப் போடுகிறாயா என்று எழில்மொழி போனில் சத்தம் போட்டாள். அடுத்த ஞாயிறு அவர் காலி அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். உடம்பு இளைத்தது. சர்க்கரைக்கு இளைக்கத்தான் செய்யும் என்றார்கள்.

ஒருமுறை அவரே சொன்னார்.

"வயிறு கல்லாக் கெடக்கு பாப்பா. இந்தக் கோதும எனக்கு ஒத்துக்கல."

"வயிறு பேசல, சோத்து ஆச பேசுது."

"அதுவும் இருக்கும்" என்று சிரித்துவிட்டார்.

வாய்க்கு ஒரு டாக்டர், தோலுக்கு ஒரு டாக்டர், ரத்தத்துக்கு ஒரு டாக்டர். எல்லாவற்றையும் ஒரே தாளில் யாரும் எழுதிப் பார்க்கவில்லை. அப்படி எழுதிப் பார்ப்பதுதான் எழில்மொழியின் தொழில். அவளும் எழுதவில்லை.

தை மாதத்தில் நடை கெட்டது. காலை அகட்டி வைத்து, ஓடத்தில் நிற்கிறவர் போல் நடந்தார். சில சொற்கள் நாக்கில் குழறின. பொங்கல் கழிந்து துரைராசு போன் செய்தார்.

"சொல்றனேன்னு கோச்சுக்காத எழிலு. அப்பா நாலஞ்சு நாளா தள்ளாடிக்கிட்டு வர்றாரு. கடைப் பக்கத்துலேருந்துதான் வர்றாரு."

மதுக்கடைக்கு அடுத்த கட்டடம் உரக்கடை. அது துரைராசுவுக்கும் தெரியும், எழில்மொழிக்கும் தெரியும். அந்த நேரத்தில் இருவருக்கும் நினைவு வரவில்லை.

அந்த ஞாயிறு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

"குடிக்கிறியாப்பா?"

அவர் முதலில் வேடிக்கை என்று நினைத்தார். "ஆமா, அரப் பானை."

"வெளையாடாத. பின்ன ஏன் தள்ளாடுற?"

"தெரியலயே. தரை தள்ளித் தள்ளிப் போவுது."

"தரை எங்கயும் போவாது."

கல்லூரி விடுதியில் மற்ற பெண்கள் தங்கள் அப்பாக்களைப் பற்றி அழும்போது, எங்க அப்பா தொடமாட்டாரு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தவள் அவள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை தூரம் வந்திருந்தாள். இப்போது அது அறுந்துவிட்டதாகப் பட்டது. குடித்ததைக்கூட மன்னித்திருப்பாள். கண்ணைப் பார்த்து இல்லை என்று சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சித்திரையில் தொழிற்சாலை வாசலில் லாரி டிரைவர்களை ஊதச் சொல்கிற கருவி ஒன்றைக் கைப்பையில் போட்டு எடுத்து வந்தாள். முன்னறிவிப்பில்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் வந்து இறங்கினாள். அவர் வாசல் நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஊது."

அவர் அந்தக் கருவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, கல்யாண மேளத்தில் நாயனம் ஊதுகிறவர் போல் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். சிரிக்கவைக்கப் பார்த்தார் போலிருக்கிறது.

பூஜ்யம் காட்டியது. இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். பூஜ்யம்.

கருவியைத் திருப்பிப் பார்த்தாள். சோதனைத் தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"இது கெட்டுப்போச்சு" என்று சொல்லிப் பைக்குள் போட்டாள்.

தொழிலில் சேர்ந்து ஒன்பது வருடத்தில், சோதிக்காமலே ஒரு கருவியைத் தவறு என்று அவள் தள்ளியது அன்று மட்டும்தான்.

ஆற்றங்கரை ஐயனார் கோயிலில் குடியை விடுகிறவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் கயிறு கட்டிக்கொள்வார்கள். பூசாரி முந்தின நாளே ஒரு சீட்டும் ஒரு சுருள் மஞ்சள் கயிறும் கொடுத்தனுப்புவார். பெயர், ஊர், விடும் பழக்கம், எத்தனை காலம் என்று நாலு வரி. அதை எழுதி எலுமிச்சம்பழத்தோடு கொடுத்தால் சாமி காலடியில் வைத்துவிட்டு, அந்தக் கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டிவிடுவார். கயிறு இருக்கிற கையால் கிளாஸைத் தொட ஆள் பயப்படும். வீரையனுக்குச் சாமியோடு பகையும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆனால் அந்தக் கயிறு கையில் இருந்தால் ஊருக்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.

சப்பாத்தி தேய்த்த அந்த ஞாயிறு, கடைசிப் பொட்டலத்தைக் கட்டிவிட்டு எழில்மொழி சொன்னாள்.

"வர்ற வெள்ளிக்கெழம போய்க் கயிறு கட்டிக்க. கட்டிட்டுப் போன் பண்ணு. அதுவரைக்கும் நான் இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன்."

"குடிக்காதவன் எதுக்கு பாப்பா கயிறு கட்டணும்?"

"குடிக்காதவனுக்குக் கட்டினா என்ன கொறஞ்சு போயிடும்?"

வீரையன் பலகையில் ஒட்டிய மாவை நகத்தால் சுரண்டினார். வெகுநேரம் சுரண்டினார். "சரி பாப்பா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலுக்குக் குறுக்கு வழியாக வரப்பில் இறங்கினார். மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது வருடம் ஓடிப் பழகிய வரப்பு. பாதியில் நிலை தவறி மதகின் சிமெண்டுக் கட்டையில் இடுப்பு அடிபட விழுந்தார். துரைராசு தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்து தூக்கினார்.

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி. இடுப்பெலும்பு முறிவு. சேர்க்கும்போது வேறு ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். எழில்மொழி சொன்னாள்: "குடிப்பாரு."

வீரையன் ஸ்ட்ரெச்சரில் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தார்.

மறுநாளே எலும்பைப் பொருத்தித் தைத்தார்கள். அதற்கடுத்த நாள் ஹுமைரா என்கிற இளம் டாக்டர் வந்தார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். வீரையனின் விரல் கன்னத்தில் போய் முட்டியது. முழங்கைக் கொப்புளங்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பழைய ரத்தச் சீட்டுகளையெல்லாம் கட்டில் மேல் வரிசையாகப் பரப்பினார்.

"குடிப்பாருன்னு எழுதியிருக்கே. யாரு சொன்னது?"

"நான்தான் டாக்டர்."

"ஈரல் நல்லா இருக்கு. குடிக்கிறவர் ரத்தம் மாதிரி இல்ல. வீட்ல என்ன சாப்பிடுறாரு?"

எழில்மொழி சொன்னாள். மூன்று வேளையும் கோதுமை, மூன்று வருடமாக, தானே பிசைந்து கொடுத்தது. சொல்லும்போது முதலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது குரலில்.

"இன்னையிலேருந்து கோதும ஒரு துளி கூடாது. கஞ்சி குடுங்க. அரிசிக் கஞ்சி. ஒரு பிளட் டெஸ்ட் சென்னைக்கு அனுப்புறேன். ரிசல்ட் வரக் கொஞ்ச நாளாகும்."

நாலு நாள் அரிசிக் கஞ்சி குடித்தார். முதல் டம்ளரைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நம்ம நெல்லு இல்ல, ரேஷன்" என்றார். வேறு குறை சொல்லவில்லை.

எழில்மொழிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கேட்டிருக்கலாம். அப்பா, நான் தப்பா சொல்லிட்டேனா என்று நாலு வார்த்தை. ரிசல்ட் வரட்டும் என்று இருந்தாள். ஆறாம் நாள் காலையில், ரத்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்து வீரையன் இறந்துபோனார்.

கருமாதி முடிந்த மறுநாள் ஹுமைரா போன் செய்தார்.

"எழில்மொழிங்களா? ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். பார்த்தீங்களா?"

பார்த்திருந்தாள். இருபதுக்குள் இருக்க வேண்டிய எண். இருநூறுக்கு மேல் என்று போட்டிருந்தது. அதாவது, கருவியால் அளக்க முடிந்த எல்லையைத் தாண்டி.

"இது சீலியாக் நோய்ங்க. கோதுமையில இருக்கிற ஒரு புரதம் சிலர் உடம்புக்கு ஆகாது. கொடலு கெட்டுப்போயி இரும்பு ஏறாது, எலும்பு தேஞ்சுரும். தோல்ல கொப்புளமா வரும். சில பேருக்கு மூளையில நடையப் பாத்துக்கிற எடத்தையே தாக்கும், குடிச்சவங்க மாதிரி நடப்பாங்க. அரிசி சாப்பிடுற ஊர்ல இது வெளிய தெரியாமலே இருந்துரும். உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துருங்க."

"அரிசியே சாப்பிட்டிருந்தா?"

"இவ்வளவு ஆகியிருக்காது" என்றார் ஹுமைரா.

திங்கட்கிழமை எழில்மொழி வேலைக்குப் போய் முதலில் அந்த ஊதுகிற கருவியை மேசையில் வைத்துச் சோதித்தாள். அளவு தெரிந்த வாயுவை மூன்று முறை செலுத்தினாள். மூன்று முறையும் மிகச் சரியாகக் காட்டியது. பச்சை ஸ்டிக்கர் ஒட்டித் தேதி எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

அந்த வாரம் வயலைப் பார்க்க ஊருக்கு வந்தபோது துரைராசு ஒரு மஞ்சப்பையோடு படியேறி வந்தார்.

"வாங்க மாமா."

"அன்னைக்கு விழுந்தப்ப அப்பா கையில இருந்தது. கொட்டாயில மாட்டி வச்சேன். குடுக்க மனசு வரல."

பைக்குள் கறுத்துச் சுருங்கிய எலுமிச்சம்பழம். பிரிக்காத ஒரு சுருள் மஞ்சள் கயிறு. மடித்த சீட்டு. பெயர் எழுதியிருந்தது, ஊர் எழுதியிருந்தது, எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழுமாக. எத்தனை காலம் என்ற இடத்தில் 'ஆயுசு பூரா' என்றிருந்தது. விடும் பழக்கம் என்ற வரி மட்டும் காலியாகக் கிடந்தது.

"இத ஏன் மாமா எழுதல?"

துரைராசு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அன்னைக்குக் காலையில அந்த ஒரு வரிய மட்டும் என்னத்தான் எழுதச் சொன்னாரு. நானும் பேனாவ எடுத்தேன். குடின்னு எழுதவா அண்ணேன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தாரு. வேணாம் துரைராசு, இல்லாதத எப்படி எழுதறதுன்னு பூசாரியவே கேட்டுக்கிறேன்னு வாங்கிப் பைக்குள்ள வச்சுக்கிட்டு எறங்கிப் போனாரு."