வீட்டுக்கே வந்த வசூல்

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில் எனக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. எவர்சில்வர், பித்தளை, குக்கர், மிக்சி என்று ஓரளவு சரக்கு நிறைந்த கடைதான். ஆனாலும் 'காசு இல்லை' என்பது என் வாயில் ஒட்டிக்கொண்ட பேச்சு. கம்பெனி ஏஜெண்ட் பில்லுக்கு வந்தால் காசு இல்லை என்பேன். நன்கொடை கேட்டு வருகிறவர்களிடமும் அதையேதான் சொல்லி, பிறகு கொடுப்பேன். போனில் மச்சான் கேட்டால், "யாவாரமே படுத்துருச்சு மாப்ள" என்பேன். கடைவீதியில் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். என் வீட்டுக்குள் இருந்த ஒருத்திக்கு மட்டும் அது தெரியாமல் இருந்திருக்கிறது.

அவள் என் மகள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

சர்க்கரை ஏறியிருக்கிறது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் போக ஆரம்பித்தேன். கூட வருகிறவர் எங்கள் வீதியின் மருந்துக்கடைக்காரர். அவர் காலில் அடிப்பக்கம் பல் வைத்த ஷூ, முதுகில் தண்ணீர் படாத பை, கையில் மடக்குத் தடி. நான் தோல் செருப்பு. ஒருநாள் ஓடையைக் கடக்கும்போது பாசியில் வழுக்கி, வேட்டியோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். "செருப்போட வந்தா இப்படித்தான் பாய். ராஜபாளையத்துல நான் எடுத்த விளையாட்டுச் சாமான் கடையில போய் ஒரு ஜோடி ஷூ எடுங்க" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அதுதான் எனக்கு உறுத்தியது.

அந்த வாரம் மச்சான் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் குடும்பத்தோடு ராஜபாளையம் போனோம். மனைவியும் மகனும் துணிக்கடையில் உட்கார்ந்த நேரத்தில், மகளைக் கூட்டிக்கொண்டு அந்த விளையாட்டுப் பொருள் கடைக்குள் நுழைந்தேன். விலை விசாரிப்பதுதான் எண்ணம். நான் ஷூக்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மகள் தனக்கு ஒரு ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நடந்து பார்த்தாள். நீலத்தில் ஆரஞ்சு கயிறு.

"அத்தா, ஸ்கூல்ல மலையடிவாரத்துக்குக் கேம்ப் கூட்டிட்டுப் போறாக. இந்த மாதிரி ஷூவும் மழைக்கோட்டும் வேணுமாம். பி.டி. ஷூ வழுக்குமாம்."

"காசு இல்லம்மா. பொறவு பாப்போம்."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. கயிற்றை அவிழ்த்து, முன்பு இருந்ததுபோலவே சுற்றி, அதே இடத்தில் வைத்தாள். சமர்த்துப் பிள்ளை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் தனியாக பஸ் ஏறிப் போய் எனக்கு ஒரு ஜோடி எடுத்தேன். கூடவே பை, மழைக்கோட்டு, தடி. கடைக்காரப் பையன் காட்டக் காட்ட வாங்கினேன். இரண்டு கை நிறையப் பைகளோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி, "இதென்னங்க இம்புட்டு?" என்றாள்.

"குக்கர் கம்பெனிக்காரன் குடுத்தான். நல்லா வித்துக் குடுத்தோம்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் சம்பாத்தியம், என் கால். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் மகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

சில நாள் கழித்துப் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. கேம்ப்புக்கான சாமான்களை வாங்க முடியாத பிள்ளைகளுக்குப் பள்ளியே வாங்கிக் கொடுக்கப்போகிறது, அதற்காக ஒரு சனிக்கிழமை உணவுத் திருவிழா நடத்துகிறார்கள், அதோடு கடைவீதியிலும் கொஞ்சம் வசூலித்துத் தர வேண்டும் என்று கேட்டார்கள். நானும் மருந்துக்கடைக்காரரும் ஒத்துக்கொண்டோம்.

வசூலில் எனக்கு நல்ல பெயர் உண்டு. பால்கோவா கடைகள், ஜவுளிக்கடைகள், கோர்ட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகள் என்று ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு கல்லாவுக்கு முன்னாலும் நின்று, "நம்ம ஊரு ஏழைப் புள்ளைக அண்ணாச்சி. மத்த புள்ளைக ஷூ போட்டுக்கிட்டுப் போகும்போது இதுக மட்டும் பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கா?" என்பேன். கொடுக்க யோசித்த ஒரு நகைக்கடைக்காரரிடம், "பெத்தவனுக்கு வக்கில்லேன்னா புள்ள என்ன பண்ணும்?" என்றுகூடக் கேட்டேன். அவர் கல்லாவைத் திறந்தார்.

திருவிழா அன்று மனைவி பெரிய தட்டுகளில் தம்ரூட் செய்துகொண்டு வந்தாள். ரவையும் முட்டையும் நெய்யுமாக அவள் செய்கிற அந்த இனிப்பு மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. மாலையில் மைதானத்து மேடையில் சிறு நிகழ்ச்சி. கொடுத்த கடைக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை மைக்கில் என் பெயரையும் மருந்துக்கடைக்காரர் பெயரையும் சொல்லி, "இவங்க கையாலேயே குடுத்தா பொருத்தமா இருக்கும்" என்றார். வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடை ஏறினேன்.

வகுப்பு ஆசிரியை பெயர்களை வாசித்தார். அந்த வருடம்தான் பள்ளியில் சேர்ந்தவர். பெற்றோர் கூட்டங்களுக்கு எப்போதும் மனைவிதான் போவாள். என்னை அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஷூவும் மழைக்கோட்டும் வைத்த பையைக் கொடுத்து, தலையைத் தடவி, போட்டோவுக்குத் திரும்பினேன். "நன்றி ஐயா" என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் அப்படியே சொன்னார்கள்.

பிறகு ஆசிரியை என் மகளின் பெயரை வாசித்தார்.

அதே பெயரில் வேறு பிள்ளை இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் அடுத்த பையை எடுத்தேன். நிமிர்ந்தபோது படியில் என் மகள் ஏறிக்கொண்டிருந்தாள். பாதியில் என்னைப் பார்த்து நின்றாள். பிள்ளைகளை வகுப்பறையில் உட்காரவைத்து வரிசையாக அழைத்து வந்ததால், நான் மேடையில் இருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. பின்னால் வந்த பிள்ளை முதுகில் இடிக்கவும் மீண்டும் நடந்து வந்து, என் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கொடுத்தேன். என் கையால் என் மகளுக்கு, ஊர் கொடுத்த பையைக் கொடுத்தேன். கீழே கை தட்டினார்கள்.

"நன்றி ஐயா" என்றாள்.

போட்டோக்காரர், "சார், கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கை தட்டல் முன்வரிசையில் மட்டும் பாதியில் நின்றது. அவர்களுக்கு அவளைத் தெரியும். பள்ளிவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளை. மருந்துக்கடைக்காரர் என் பக்கம் திரும்பாமல் அடுத்த பையை எடுத்துத் தானே கொடுக்க ஆரம்பித்தார்.

மேடையிலிருந்து இறங்கியதும் நகைக்கடைக்காரர் தோளில் தட்டினார்.

"நல்ல வசூல் பாய். வீட்டுக்கே வந்து சேந்துருச்சே."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. ஏதோ தவறு நடந்துவிட்டது, பெயர் மாறிவிட்டது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதற்குள் வண்டியை எடுக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தோம். மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். திறக்கவில்லை.

"ஏம்மா, டீச்சர்ட்ட என்ன சொன்ன?"

"யாருக்கெல்லாம் வாங்க முடியாதுன்னு கேட்டாக. நான் மொதல்ல எந்திரிக்கலத்தா. வெக்கப்படக் கூடாது, உண்மையச் சொல்லணும்னு சொன்னாக. பொறவுதான் எந்திரிச்சேன்."

"நமக்கு வாங்க முடியாதுன்னு யாரு சொன்னா?"

"நீங்கதான சொன்னீக."

மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். மகள் அவளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். கடை படுத்துவிட்டது என்று நான் போனில் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து பள்ளி கேண்டீனில் எதுவும் வாங்குவதில்லையாம். பிறந்தநாளுக்கு உடுப்பு வேண்டாம், பழசே நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னதைக் கேட்டு நாங்கள் பெருமைப்பட்டோமே, அதுவும் இதனால்தான். தம்பியிடம், ஐஸ்கிரீம் கேட்டு அத்தாவை அழவைக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறாள். தொழுகையில் துஆ கேட்கும்போதெல்லாம் கடைக்காகக் கேட்டிருக்கிறாள்.

"அத்தாவுக்கு ஷூ குடுத்த கம்பெனிக்காரக எனக்கும் ஒண்ணு குடுப்பாகளான்னு கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள டீச்சர் கேட்டாக" என்றாள்.

அந்த நேரத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நாளைக்கு ராஜபாளையம் போய் உனக்கு வாங்குவோம். இந்தப் பையைத் திருப்பிக் குடுத்துருவோம்" என்று மட்டும் சொன்னேன்.

"இப்ப காசு எப்படி வந்துச்சு?"

"வந்துச்சும்மா."

மறுநாள் நாங்கள் இருவரும் போனோம். வேறு கடைக்குப் போயிருக்கலாம். அவள் கண்ணாடி முன்னால் நடந்து பார்த்த அந்த நீல ஷூவையே வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்போல. உள்ளே நுழைந்ததுமே கடைக்காரப் பையன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"வாங்க சார்! போன தடவை எடுத்துட்டுப் போனீங்களே, ஷூ எப்படி இருக்கு? பை, கோட்டு எல்லாம் வசதியா இருக்கா?"

மகள் என்னை அண்ணாந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விடுகதைக்கு விடை கேட்டவள்போல, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கிற முகம் அது. நான் பையனிடம் "நல்லா இருக்குப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"பாப்பாவுக்கு எது எடுக்க?"

அவள் நீல ஷூ இருந்த பக்கம் போகவே இல்லை. மூலையில் தள்ளுபடியில் போட்டிருந்த கறுப்பு ஜோடி ஒன்றை எடுத்துக் காலில் போட்டு, "இது போதும்" என்றாள்.

"அது வேணாம்மா, அன்னைக்குப் பாத்த..."

"இதுவே போதும் அத்தா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். வன்னியம்பட்டி விலக்கு தாண்டியபோது சொன்னேன். "கம்பெனி குடுக்கலம்மா. நான்தான் வாங்குனேன். அத்தா பொய் சொல்லிட்டேன்."

"ம்" என்றாள். பிறகு, "அப்ப கடை நல்லாத்தான் ஓடுதா?" என்று கேட்டாள்.

"ஓடுதும்மா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அவள் முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி வந்தது. என்னைப் பற்றி யோசிக்காமல் கடையைப் பற்றித்தான் அவள் முதலில் யோசித்திருக்கிறாள். நான் எதிர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பையோடு பள்ளிக்குப் போனேன். ஆசிரியை பதறிப்போனார். "சார், நீங்க அவ அப்பான்னு எனக்குத் தெரியவே தெரியாது. புள்ள பொய் சொல்லாதுன்னு நம்பிட்டேன்."

"அவ பொய் சொல்லல டீச்சர்" என்றேன்.

அதே வகுப்பில் இன்னொரு பெண் கடைசியாகக் கேட்டதாகவும், அவளுக்குப் போதாமல் போய்விட்டதாகவும், போன வருடத்துப் பழைய சாமான்களைக் கொடுத்துச் சமாளித்ததாகவும் சொன்னார். அளவு சரியாக இருக்கும் என்று பையை வாங்கி அலமாரியில் வைத்தார். யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிடுகிறேன் என்றார். நான் நடந்து வெளியே வரும்வரை அவரும் எழுந்து நின்றுகொண்டே இருந்தார். உட்கார்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனைவி என்னிடம் சண்டை போடவில்லை. என் ஷூவை வெயிலில் காயவைத்து, துடைத்து, வாசலில் எல்லோர் செருப்போடும் சேர்த்து வைத்தாள். "வாங்குனது வாங்கியாச்சு, போட்டு நடங்க. சக்கரையாவது கொறையட்டும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்துக்கடைக்காரரோடு போகிறேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நகைக்கடைக்காரர் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அடுத்த வசூல் எப்ப பாய்?" என்பார். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கேம்ப்புக்குப் புறப்பட்ட நாள் காலையில் மகளை வண்டியில் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் விட்டேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் கறுப்பு ஷூவோடு ஏறி, ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் மடியில் இருந்த பையை எனக்கு அடையாளம் தெரிந்தது. மேடையில் நான் பிடித்துக் கொடுத்த அதே பை. இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்து எதையோ பேசிச் சிரித்தார்கள்.

லோடு ஆட்டோ ஒன்றின் பக்கத்தில் நின்றிருந்தவர் என்னிடம் வந்தார். காக்கிச் சட்டை. அந்தப் பெண்ணின் அப்பா என்றார்.

"நீங்கதான் கடை கடையா ஏறி வசூல் பண்ணுனீகளாம் பாய். டீச்சரம்மா சொன்னாக. எம் மகளுக்குப் புதுசே கெடச்சுருச்சு. பழசப் போட்டுக்கிட்டு எப்படிப் போவான்னு அவ அம்மா அழுதுக்கிட்டு இருந்தா" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை. பஸ் ஜன்னலிலிருந்து மகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவரிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறாளோ என்று நினைத்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. டிரைவர் வண்டியை எடுத்தார். பிள்ளைகள் கத்திக்கொண்டு கை காட்டினார்கள். அவளும் காட்டினாள், அவருக்கா எனக்கா என்று தெரியவில்லை.

"வாங்க பாய், ஒரு டீ சாப்புடுவோம்" என்றார் அவர். எதிர்க் கடையில் நின்று குடித்தோம். நான் சட்டைப் பையில் கை விடுவதற்குள் அவர் தடுத்து, "இதையாவது நான் குடுக்கேனே" என்று கொடுத்துவிட்டார்.